மூன்று தண்ணீர்

கரைவலை மடி கரை தட்டும்போது மீன் கண்ணில் படுவதற்கு முன்னால் ஓர் ஓசை கேட்கும். கிடுகுக் கூரையில் தூறல் விழுவது போன்ற ஓசை. பல்லாயிரம் நெத்தலி ஒன்றின்மேல் ஒன்று புரண்டு துடிக்கிற ஓசை அது. 2025 மார்ச்சில் ஒரு விடிகாலை, உடப்புக் கடற்கரையில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அன்று அந்த மடியிலிருந்து எங்கள் சின்னம்மாவின் கூடைக்கு வந்தது ஏறக்குறைய பன்னிரண்டு கிலோ பச்சை நெத்தலி. வெயிலில் வற்றி அது மூன்று கிலோ ஆனது. அந்த மூன்று கிலோவும் ஏப்ரலில் இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போய், பலெர்மோ நகரத்தில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக் குசினியில் இறங்கியது. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். வாங்கிக்கொண்டவள் என் அக்கா.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தைத் தெரியாதவர்களுக்கு உடப்பைச் சொல்ல வேண்டும். சிலாபத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயுமாக நடுவில் கிடக்கும் மணல் திட்டு அது. தமிழ் மீனவர் ஊர். ஆடியில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் சனம் வரும். மற்ற மாதங்களில் இந்த ஊரை வெளியூர் நினைப்பது கருவாட்டால்தான். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி முதல் சித்திரை வரை மேற்குக் கடல் அமைதியாக இருக்கும். அந்த மாதங்கள்தான் கரைவலைக் காலம். தோணி ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு வலையை வளைத்துப் போட்டபடி போய், மறு கயிற்றோடு சற்றுத் தள்ளிக் கரையேறும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். என் சிறு வயதில் அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் கால்கள் மணலில் புதைந்து புதைந்து பின்வாங்கும். இப்போது பல கரைகளில் டிராக்டரில் பூட்டிய வின்ச்தான் இழுக்கிறது. பாட்டு தேவைப்படுவதில்லை. தோள்கள் புண்படாமல் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இன்றைய கரை வெறிச்சென்று இருக்கிறது.

பிடிப்பது ஆண்களின் வேலை என்றால், மீன் கரைக்கு வந்த பிறகு நடப்பதெல்லாம் பெரும்பாலும் பெண்களின் கையில். நெத்தலியைக் கடல் தண்ணீரில் அலசி, உப்புக் கரைசலில் ஒரு முக்கு முக்கி, பாயிலோ பழைய வலையிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். கட்டா, பாரை போன்ற பெரிய மீன் என்றால் கீறி, குடல் எடுத்து, சதைக்குள் உப்பு அடைத்து, ஒரு இரவோ இரண்டு இரவோ ஊற வைத்துத்தான் வெயில் காட்ட முடியும். நெத்தலிக்கு அந்தப் பொறுமை வேண்டாம், வேகம் வேண்டும். ஈரம் நிற்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் ஈ வந்து முட்டையிடுகிற மணித்தியாலம். உச்சி வெயிலில் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். காகத்தையும் நாயையும் துரத்த வேண்டும். பனி இறங்குவதற்கு முன் கூட்டி அள்ளி மூட வேண்டும். நல்ல வெயிலானால் இரண்டு நாளில் முடியும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க சின்னம்மா ஒரு மீனை எடுத்து நடுவில் ஒடிப்பார். நொடுக்கென்று ஒடிந்தால் சரி. வளைந்தால் இன்னொரு வெயில்.

இந்த வேலை முழுவதும் குனிந்தபடியே நடக்கிறது. பரப்புவதும் புரட்டுவதும் பொறுக்குவதும் குனிந்துதான். சின்னம்மாவுக்கு இப்போது அறுபத்தேழு வயது. இரண்டு முழங்காலும் வீங்கியிருக்கின்றன. இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய மகன் நாலு கால் நட்டு, இடுப்பளவு உயரத்தில் வலை கட்டி ஒரு பரண் செய்து கொடுத்தான். மீன்பிடித் துறையினரும் இப்படிக் காயவைக்கும்படிதான் சொல்லி வருகிறார்கள். மேலும் கீழும் காற்றுப் படுவதால் சீக்கிரம் காய்கிறது, மணல் ஒட்டுவதில்லை, நாய் வாய் வைப்பதில்லை. அதோடு நின்றபடியே வேலை செய்யலாம். சின்னம்மாவின் கருவாடு அன்றிலிருந்து பரணில்தான் காய்கிறது.

அந்த மார்ச் காலையில் மட்டும் அவர் பழைய பாயை எடுத்துக்கொண்டு மணலில் குந்தினார்.

"ஏன் சின்னம்மா, பரண் இருக்குதானே?"

"இது உன்ர அக்காவுக்கு. அவளுக்கு மணல்ல காய்ஞ்சதுதான் வேணுமாம். போன முறை பரணில காய வச்சு அனுப்பினதுக்கு, 'சின்னம்மா, இது நம்மட ஊர்ச் சாமான் மாதிரி இல்ல'ன்டு சொன்னவள்."

அந்த வருஷம் உப்பும் அவரைப் படுத்தியது. புத்தளத்துக்கு அருகே பாலாவியில் உப்பளம் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் பிறந்தவனுக்கு உப்பு என்பது விலை கொடுத்து வாங்குகிற பொருளாகவே மனதில் பதியாது. ஆனால் பருவம் தப்பிய மழையால் உப்பு விளையாமல் போய், நாட்டில் தட்டுப்பாடு வந்து, இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய நிலை வந்திருந்தது. சின்னம்மாவின் வாளியில் கரைந்துகொண்டிருந்ததும் கடல் கடந்து வந்த உப்புத்தான். அதைக் கையில் தேய்த்துப் பார்த்து, "இது மா மாதிரி இருக்கு" என்றார். பெயர் உடப்புக் கருவாடுதான். உப்பு மட்டும் அயலூர். அக்காவிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

ஊரை விட்டு விலகியிருப்பவர்களுக்குக் கருவாடு போய்ச் சேர்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல. கண்டி இராச்சியத்துக்குக் கடல் கிடையாது. மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் கரையிலிருந்துதான் ஏற வேண்டும். பொதிமாட்டுக் கூட்டங்கள், 'தவளம்' என்பார்கள், இவற்றை ஏற்றிப்போய்ப் பாக்கு முதலான மலைச்சரக்கோடு திரும்பும். 1766 ஒப்பந்தத்தில் ஒல்லாந்தர் தீவின் கரையோரம் முழுவதையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டபோது கண்டிக்கு விழுந்த அடியில் இந்த உப்புக்கும் கருவாட்டுக்கும் பங்கு உண்டு. பிறகு தோட்டங்கள் வந்தன. இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் நடந்து வந்து மலையில் குடியேறியவர்களின் சட்டியிலும் கருவாடு வெந்தது. மலைக் குளிரில் கடலை நினைவூட்டும் ஒரே பொருள் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஊர் உணவுக்கு ஏங்க நாடு கடந்துதான் போக வேண்டும் என்றும் இல்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, ஏறக்குறைய 75,000 பேரில் பெரும்பகுதி புத்தளம் மாவட்டத்துக்குத்தான் வந்தது. கற்பிட்டிக் குடாநாட்டிலும் பாலாவி, தில்லையடிப் பக்கங்களிலும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. என்னோடு படித்த ஒருவன் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலிருந்து அப்படி வந்தவன். மீனுக்குப் பஞ்சமில்லாத இந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு அவனுடைய உம்மா, "எங்கட கடல் மீன் இப்படி இருக்காது" என்பார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. அதே கடல், அதே மீன், அப்படியொன்றும் தூரமும் இல்லை என்று நினைத்தேன். அவருடைய சோற்றில் இல்லாமல் போனது என்ன என்பதை அக்கா வெளிநாடு போன பிறகுதான் கொஞ்சம் புரிந்துகொண்டேன்.

இதற்கு நேர் எதிராக ஒருவர் இதே கரையில் வந்து நின்றிருக்கிறார். 1344இல் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று தள்ளிக்கொண்டு வந்து இலங்கையில் விட்டது. அவர் கரையிறங்கிய 'பத்தாலா' புத்தளம்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அங்கே இருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாரசீக மொழியில் உரையாடி, முத்துக்கள் கொடுத்து, பாவாத மலைக்குப் பல்லக்கில் அனுப்பி வைத்தார். துணைக்கு நான்கு யோகிகள், மூன்று பிராமணர், பத்துத் தோழர்கள். உணவுப் பொருள் சுமக்க மட்டும் பதினைந்து பேர். கோதுமை ரொட்டி தின்று வளர்ந்த அந்த மொரோக்கோக்காரர் மலையாளக் கரை, மாலைதீவு, இலங்கை, சோழமண்டலம் என்று மூன்று வருஷம் சோறு மட்டுமே சாப்பிட்டு, கடைசியில் தண்ணீர் குடித்தால்தான் சோறு தொண்டையில் இறங்கும் என்ற நிலைக்கு வந்ததாகத் தன் பயண நூலில் சொல்லியிருக்கிறார். முத்துக்களும் பல்லக்கும் கிடைத்தவருக்கு ஒரு துண்டு ரொட்டி கிடைக்கவில்லை. அந்தப் பதினைந்து பேரும் சுமந்ததும் அரிசியாகவே இருந்திருக்கும்.

அவர் இன்னொன்றையும் எழுதி வைத்தார். மாலைதீவில் மீனைத் துண்டுகளாக்கி, இலேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் இட்டுப் புகையூட்டி உலர்த்தி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்புவதைப் பற்றி. நாம் மாசி என்கிறோமே, அதுதான். சம்பலில் இடித்துப் போட மாசி இல்லாத வீடு இலங்கையில் குறைவு. இலங்கையர் வெளிநாட்டில் தேடி அலையும் 'ஊர்ச் சாமான்' பட்டியலில் மாசிக்கு எப்போதும் முதல் சில இடங்களுக்குள் ஓரிடம் உண்டு. அந்தச் சாமானே இன்னொரு தீவிலிருந்து கப்பலேறி வந்ததுதான்.

பொதி கட்டுவது ஒரு நாள் வேலை. காய்ந்த நெத்தலியை மறுபடி ஒரு இளவெயில் காட்டி, சூடு ஆறவிட்டு, பழைய பத்திரிகைத்தாளில் மடித்து, மூன்று பொலித்தீன் பையில் ஒன்றுக்குள் ஒன்றாக இட்டு, பிளாஸ்டர் சுற்றினார் சின்னம்மா. சூடு ஆறாமல் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இரு பக்கமும் வறுத்த மல்லித்தூள் பைகளைக் காவல் வைத்தார், மணம் வெளியே போகாதிருக்க. அது எந்தக் காலத்திலும் பலித்ததில்லை.

உடப்பிலிருந்து உள்வீதியால் வந்து ஏ-3 வீதியில் ஏறினால் அது நேரே கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தொட்டுக்கொண்டு கொழும்புக்குப் போகும். சிலாபம், மாதம்பை, மாரவில, வென்னப்புவ, நீர்கொழும்பு. இரவில் வென்னப்புவவைக் கடக்கும்போது வீதியோரத்து மாடி வீடுகளின் வளைவுகளும் தூண்களும் வெளிச்சத்தில் நிற்கும். இத்தாலிக்கு உழைக்கப் போனவர்கள் அங்கே பார்த்து வந்து கட்டிய வீடுகள். 'குட்டி இத்தாலி' என்று அந்தப் பகுதிக்குப் பெயரே உண்டு. இன்று இத்தாலியில் வாழும் இலங்கையர் ஒரு இலட்சத்துக்கும் மேல். அதில் மிகப் பெரிய பங்கு வென்னப்புவ, மாரவில, சிலாபம் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர். மிலானிலும் நாப்போலியிலும் வெரோனாவிலும் வீட்டு வேலை செய்கிறார்கள், முதியோரைப் பராமரிக்கிறார்கள்.

விமான நிலையத்தில் நிறை பார்க்கும் இடத்தில்தான் அவர்களுடைய ஊர் உணவு ஏக்கத்தைக் கண்ணால் பார்த்தேன். ரோம் போகும் வரிசையில் பெட்டிகள் தரையில் திறந்து கிடந்தன. ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்து, கிலோவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். உடுப்பைவிட உணவே அதிகம். மாசி, கொறக்கா, வறுத்த மிளகாய்த்தூள், கட்டாக் கருவாடு, போத்தலில் அடைத்த சீனிச்சம்பல். பக்கத்தில் நின்ற ஒரு சிங்கள அம்மா என் பெட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பி, "கரவலத?" என்று கேட்டார். கருவாடா என்று. ஆம் என்றேன். தன் பெட்டியைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். நிறை கூடிப்போனதால் அவர் இரண்டு சப்பாத்தைத் தன்னை வழியனுப்ப வந்த மகனிடம் திருப்பிக் கொடுத்தார். கருவாட்டில் கை வைக்கவில்லை.

இந்தப் பெட்டிகள் போக முடிவது ஒரு சட்டத்தின் கருணையால். வெளிநாட்டுப் பயணி இறைச்சியோ பாற்பொருளோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. பிடித்துக் குப்பையில் போடுவார்கள். மீனுக்கு மட்டும் சொந்தப் பாவனைக்கென்றால் ஒருவருக்கு இருபது கிலோ வரை அனுமதி. வியாபாரத்துக்கு அனுப்புவதென்றால் கதையே வேறு. அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சாலை வேண்டும், அதற்கு ஓர் இலக்கம் வேண்டும், சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். மணலில் பாய் விரித்துக் காயவைக்கும் ஒரு பெண் அந்த வாசலைக் கனவிலும் தாண்ட முடியாது. போதாக்குறைக்கு 2015 ஜனவரி 15 முதல் இலங்கைப் படகுகள் பிடித்த கடல்மீன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரவே தடை விழுந்தது. ஆழ்கடலில் நம் படகுகள் விதி மீறிப் பிடிப்பதை அரசு கண்காணிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. 2016 ஜூனில்தான் அது நீங்கியது. ஆழ்கடலை எட்டிக்கூடப் பார்க்காத கரைவலைக்காரர்களின் மீனும் அந்தத் தடைக்குள்தான் அடங்கியது. அந்த நியாயமின்மை எனக்கு இன்றும் ஆறவில்லை.

ரோமில் சுங்க அதிகாரி பெட்டியை அமத்திப் பார்த்து, "பெஷே?" என்றார். மீன். "பெஷே செக்கோ" என்று அக்கா சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன். உலர்ந்த மீன். மூக்கைச் சுளிக்காமல், போ என்று கை காட்டினார். மீன்பிடிக்கும் நாட்டுக்காரர்தானே.

பலெர்மோவில் தமிழர் இருப்பது பலருக்குத் தெரியாது. எண்பதுகளிலிருந்து போர் துரத்தத் துரத்த வந்து சேர்ந்தவர்கள், பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். இன்று சில ஆயிரம் பேர். நகரத்துக்கு மேலே நிற்கும் மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் புனித ரொசாலியாவின் குகைக்கோயில் இருக்கிறது. 1624இல் கொள்ளைநோய் பரவியபோது நகரைக் காப்பாற்றியவள் அவள் என்பது ஊரார் நம்பிக்கை. இப்போது அந்த மலையை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுபவர்களில் தமிழர் நிறையப் பேர், இந்துக்களும் சேர்ந்து. அக்காவும் ஏறுவாள். தலவில புனித அன்னம்மாள் கோயிலுக்கு அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போனதுபோலத்தான் இதுவும் என்பாள். அம்மன் எந்தப் பெயரில் இருந்தால் என்ன.

அவள் வீடு பல்லாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில். சந்தையில் வெண்டிக்காய் கிடைக்கிறது, கறிவேப்பிலை கிடைக்கிறது, இலங்கை மிளகாய்த்தூள் கிடைக்கிறது. நெத்தலிக் கருவாடும் கிடைக்கிறது. அழகான பையில், இலங்கைப் பெயரோடு. புரட்டிப் பார்த்தால் பின்பக்கம் சிறிய எழுத்தில் தாய்லாந்து. அதில் களவு எதுவும் இல்லை. இலங்கையே தன் கடைகளுக்குத் தாய்லாந்திலிருந்து நெத்தலி இறக்குகிறது, கொழும்பில் தின்பவர்களுக்கும் அது பழக்கம்தான். அக்கா வருஷக்கணக்காக அதைத்தான் வாங்கினாள். "சுத்தமாத்தான் இருக்கும் தம்பி. ஒரே அளவு, ஒரே நிறம். சட்டியில போட்டா மணக்கவே மணக்காது" என்றாள்.

அதனால்தான் ஒரு ஆகஸ்டில் தானே காயவைத்துப் பார்த்திருக்கிறாள். பல்லாரோவில் பச்சை நெத்தலி குவியல் குவியலாக வருகிறது. அலீச்சி என்கிறார்கள், அச்சூகே என்றும் சொல்கிறார்கள். நம் நெத்தலிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். ஒரே குடும்பம், வேறு இனம். சிசிலியின் ஆகஸ்ட் வெயிலோ உடப்பு வெயிலுக்கு இளைத்ததல்ல. இரண்டு கிலோ வாங்கி, உப்புத் தண்ணீரில் முக்கி, பல்கனியில் நுளம்பு வலையை விரித்துக் காயவைத்தாள். மூன்றாம் நாள் மஞ்சளித்துப் போய்க் கசந்தது.

காரணம் மீனுக்குள் இருக்கிறது. நம் கரையின் நெத்தலி ஒரு விரல் நீளம்கூட வராது. மெலிந்தது, கொழுப்பு குறைவு. மத்தியதரைக் கடல் நெத்தலி பெரியது, சதைப்பற்றும் எண்ணெயும் கூடியது. எண்ணெய் மீனைத் திறந்த வெயிலில் போட்டால் தண்ணீர் வற்றுவதற்குள் காற்றுப் பட்டு எண்ணெய் சிக்குப் பிடித்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் அதைத் தலைமுறைகளாக அறிந்து, காற்றே படாமல் செய்கிறார்கள். தலையையும் குடலையும் கிள்ளி, பீப்பாயில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு என்று அடுக்கி, மேலே பாரம் வைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மீனின் சதை தனக்குள்ளேயே பழுத்து, சிவந்து, வெண்ணெய்போல் ஆகிவிடும். தீவின் தென்கரையில் ஷாக்கா என்ற ஊர் இதற்குப் பேர்போனது. இரண்டு கரைகளிலும் உப்பும் நெத்தலியும்தான். ஒன்றில் வெயில் சமைக்கிறது, மற்றதில் இருட்டு.

பல்கனி நாற்றத்தைப் பற்றி மேல்மாடிக் கிழவி முறையிட வந்திருக்கிறாள். என்ன செய்தாய் என்று கேட்டவளுக்கு அக்கா தட்டைக் காட்டியதும், கோபம் போய்த் தலையில் கை வைத்தாளாம். மறுநாள் ஒரு கண்ணாடிச் சாடி கொண்டுவந்து கொடுத்தாள், தன் வீட்டில் உப்பிட்ட அலீச்சி. அக்கா அதில் இரண்டை எடுத்து அம்மியில் வைத்து, செத்தல் மிளகாயோடும் வெங்காயத்தோடும் அரைத்து, மாசிக்குப் பதிலாகத் தேங்காய்ச் சம்பலில் சேர்த்தாள். நன்றாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறாள். "ஆனா அது அவளின்ட சம்பல்" என்றும் சொல்கிறாள்.

உலர்ந்த உணவு ஊர்விட்டு ஊர் போவதைப் பற்றி எழுத பலெர்மோவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1154இல் இதே நகரத்து அரசவையில்தான் அல் இத்ரீசி தன் உலகப் புவியியல் நூலை முடித்தார். சரந்தீபு என்று இலங்கையைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். பலெர்மோவுக்கு அருகே திராபியா என்ற ஊரில் மாவை இழையாக்கிச் செய்யும் 'இத்ரிய்யா'வைக் கப்பல் கப்பலாக வெளி நாடுகளுக்கு ஏற்றுவதையும் எழுதினார். அது பாஸ்தாவின் மூதாதை. கோதுமை இழையை ஏற்றிய கப்பலும் மாசியை ஏற்றிய கப்பலும் வேறு வேறு கடல்களில் ஓடின. ஒரே தேவைக்குத்தான் ஓடின. நீர் வற்றிய உணவுதான் தூரம் தாங்கும்.

நான் போய்ச் சேர்ந்த அன்று மாலையே பொதியைப் பிரித்தாள். பிளாஸ்டரை வெட்டியதும் குசினி முழுக்க உடப்பு. அக்கா சன்னலைச் சாத்தவில்லை, திறக்கவும் இல்லை. பைக்கு மேல் குனிந்து அப்படியே நின்றாள். பிறகு இரண்டு கையாலும் அள்ளி ஒரு அகன்ற சட்டியில் போட்டு, தலை கிள்ளத் தொடங்கினாள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு திருகு. தலையோடு குடலும் கூட வந்துவிடும். கதைத்துக்கொண்டே ஒரு கிலோவை அரை மணித்தியாலத்தில் முடிப்பாள். முப்பது வருஷமாகியும் விரல்கள் மறக்கவில்லை.

சுடுதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிஷம் விட்டாள். வடித்தாள். இரண்டாம் தண்ணீர். மூன்றாம் தண்ணீர். வடித்த சட்டியின் அடியில் ஒரு சிட்டிகை மணல் கிடந்தது. உடப்பு மணல், பழுப்பில் கறுப்புப் பொடி கலந்தது. விரலால் தொட்டு எடுத்து எனக்குக் காட்டினாள்.

"பாத்தியா? இதுதான். இது இல்லாட்டி நான் எப்படி நம்புறது?"

நான் வாய் திறந்திருக்கக் கூடாதோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஆனால் சொல்லிவிட்டேன். பரண் இருப்பதைச் சொன்னேன். அவளுக்காகவே சின்னம்மா பாயை எடுத்துக்கொண்டு மணலில் குந்தியதைச் சொன்னேன். எழும்பும்போது கையை ஊன்றி, பக்கத்திலிருந்த கூடையைப் பிடித்து, இரண்டு தரம் முயன்று எழும்பியதைச் சொன்னேன். உப்பு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

அக்கா பதில் பேசவில்லை. எண்ணெய் காய்ந்தது. நெத்தலியைப் போட்டு மொறுமொறுக்க வறுத்து எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் வதக்கினாள். தக்காளி சேர்த்தாள். மேல்மாடியில் ஒரு சன்னல் மூடும் சத்தம் கேட்டது. புட்டு அவிந்திருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டாம் தரம் புட்டுப் போட்டுக்கொண்டாள். சாப்பிடும்போது ஒரே ஒரு முறை பல்லில் மணல் கடிபட்டது. இருவருக்கும் கேட்டது.

கை கழுவிவிட்டுப் போன் எடுத்தாள். உடப்பில் அப்போது நடு இரவு கடந்திருக்கும். கரைவலைக்காரர் வீடு; விடியப்புறம் எழும்புகிறவர்கள். சின்னம்மா எடுத்தார்.

"சின்னம்மா, சாமான் கிடைச்சுது. நல்லா இருக்கு. இனி எனக்கும் பரணிலயே காயப் போடுங்கோ."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"அப்ப ருசி?"

"அது இருக்கும்."

செப்டெம்பரில் வென்னப்புவக்காரர் ஒருவர் கையில் அடுத்த பொதி போனது. அந்த மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிப்பு, கரைவலை கிடையாது. சித்திரையில் பரணில் காய்ந்து டின்னில் பத்திரப்படுத்தியதிலிருந்து சின்னம்மா எடுத்துக் கட்டியிருந்தார். அக்கா போனில் சொன்னாள். வடித்த சட்டியில் ஒரு துளி மணலும் இல்லையாம். ஆனாலும் மூன்று தண்ணீர் மாற்றித்தான் கழுவினாளாம்.